மேல் வானம், கீழ் வானம்

அக்டோபர் 5

நாவலூர் பில்டர் நாங்கள் மாட்டிய மூன்று சீலிங்கையும் இன்று கழற்றச் சொல்லிவிட்டார். படுக்கையறைக் கூரையில் வானம் அச்சடித்த ஷீட்டை இழுத்துக் கட்டுவதுதான் என் தொழில். படத்தை நெட்டிலிருந்து எடுத்திருந்தோம். அந்தப் போட்டோவைப் பிடித்தவன் பெங்களூரிலிருந்து வக்கீல் நோட்டீஸ் விட்டுவிட்டான். இன்னும் முப்பத்தெட்டு வீடு பாக்கி, கார்த்திகையில் கிரகப்பிரவேசம். "உங்க சொந்தப் படம்னு எழுதிக் குடுங்க மேடம். இல்லன்னா மேடவாக்கம் டெனிஸ் ரெடியா இருக்காரு." டெனிஸ் என் கடையில் ஏணி பிடித்தவன்! இந்த வேலை போனால் சேலையூர் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான்.

அக்டோபர் 7

படமெடுக்க ஒருத்தி கிடைத்தாள். பெயர் ஜெரூஷா. பொத்தேரியில் ஒரு காலேஜ் லேபில் வேலை, சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். லீவு கிடைத்தால் கேமராவோடு மேகத்தைத் துரத்துகிறவளாம்.

பேசி முடித்தது: ஒரு வாரம் தெற்கே போய் வருவது. என் கார், நானே ஓட்டுவேன். மொத்தப் படத்துக்கும் அறுபதாயிரம், அதோடு அவள் உரிமை முடிந்தது. "சரிக்கா" என்றாள். பேரமே இல்லை. சித்தாளாக மண் சுமந்த நாளிலிருந்து பேரம் பேசாத ஆளை நான் நம்பியதில்லை.

படங்களைத் திரும்பி வந்த பிறகுதான் காட்டுவாளாம். ஏன்?

அக்டோபர் 9, விழுப்புரம்

சீலிங்குக்குப் படம் தலைக்கு நேரே எடுக்க வேண்டும். மரம், கம்பம் எதுவும் வரக்கூடாது. திண்டிவனம் தாண்டி ரோட்டோரம் பாயை விரித்து மல்லாந்து படுத்துவிட்டாள். பைக்கில் போனவர் பதறி நின்றார். "அவங்களுக்கு மயக்கமாம்மா?" "இல்லப்பா, அது வேல செய்துகினு கீது, நீ போ" என்றேன். அவள் படுத்தபடியே சிரித்தாள்.

படங்களை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். தலைக்கு நேரே எடுத்தது 'மேல்'. மரமும் ரோடும் சேர்ந்தது 'கீழ்'. எனக்கு வேண்டியது மேல் மட்டும்.

அக்டோபர் 10

பெரம்பலூரில் அருமையான கருமேகம். கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. "இடி மேகத்துக்கு அடியில யாருக்கு உறக்கம் வரும்க்கா?" — நியாயம்தான். ஆனால் யாருக்கு மிச்சம் வைக்கிறாள்?

அக்டோபர் 11, மதுரை

நினைத்தது சரி.

டீக்கடையில் நான் காசு கொடுக்கப் போனேன். அவள் காருக்குப் பின்னால் நின்று போனில் பேசினாள். ஒரு வார்த்தை விடாமல் எழுதி வைக்கிறேன்: "மேல இருக்கது பூராவும் எனக்குத்தான். விடமாட்டேன். கீழ வேணும்னா அவங்க எடுத்துக்கிடட்டும். கையெழுத்து போட்டுட்டா அப்புறம் அவங்களால என்ன செய்ய முடியும்?"

மேல் எல்லாம் அவளுக்காம்! எனக்குக் கீழாம், மரமும் கரண்ட் கம்பமும்! அந்தப் பக்கம் பேசியது டெனிஸாகத்தான் இருக்கும். வேறு யார்?

முகத்தில் எதையும் காட்டவில்லை. "இன்னொரு வடை சாப்புடறியாம்மா" என்று கேட்டேன்.

அக்டோபர் 12

அவள் குளிக்கப் போன இருபது நிமிடத்தில் கேமராவிலிருந்து கார்டை எடுத்து, மேல் முழுவதையும் என் லேப்டாப்பில் ஏற்றினேன். நூற்று நாற்பது வானம். குரோம்பேட்டையில் என் பிரிண்டர் மெர்வினுக்கு அனுப்பிவிட்டேன். கார்டு இருந்த இடத்தில் இருக்கிறது.

திருட்டா இது? என் பெட்ரோல், என் ரூம் வாடகை. முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

படங்கள் நன்றாக இருக்கின்றன. ரொம்ப நன்றாக இருக்கின்றன.

அக்டோபர் 13

எப்படி எழுதுவது.

சாத்தான்குளத்துக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது மெர்வின் கூப்பிட்டான். போன் கார் ஸ்பீக்கரில் இணைந்திருந்தது, மறந்தே போனேன். கார் முழுக்க அவன் குரல்: "அக்கா, நூத்தி நாப்பது வானமும் வந்துருச்சு. செம! ஷீட்ல எடுத்தவங்க பேரு போடணுமா, இல்ல நம்ம கடை பேரா?"

அணைத்துவிட்டேன். ஜெரூஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்று இரவு அவள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு, நேரே அங்கே ஓட்டினேன்.

வீட்டு வாசலில் அவள் அண்ணன் அப்பாதுரை டேப்பைப் பிடித்து நிலம் அளந்துகொண்டிருந்தார். இறங்கியதும் அவளிடம், "சரி, ஒம் பேச்சுக்கே வாரேன். மேல பாதி ஒனக்கு, கீழ பாதி எங்களுக்கு. நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்து" என்றார்.

பார்த்தால் சமதரை. மாடி கூட இல்லை. "இதுல மேல எதும்மா, கீழ எது?" என்று கேட்டுவிட்டேன்.

"மேலன்னா மேற்கு, கீழன்னா கிழக்கு. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். கீழ்வானம்னு கேட்டதே இல்லையாக்கா?"

"அது பாட்டுல எழுதுவாங்கன்னு நெனச்சேன்."

என் முகத்தைப் பார்த்தாள். மதுரை டீக்கடையில் அவள் போனில் பேசியதை நான் தப்பாகக் கேட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. "கேக்க வேண்டியதுதானே? ஒரே ஒரு வார்த்த. பேரம் கூட பேசாம வந்தேன், உங்கள நம்பி."

அக்டோபர் 14

அவள் ஊரிலேயே தங்கிவிட்டாள். தனியாக ஓட்டி வருகிறேன். விருதுநகர் வரை வானத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 16

நான் எழுதிக் கொடுத்தால் போதாதாம், படமெடுத்தவள் கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும் என்கிறார் பில்டர். படம் மெர்வினிடம் இருந்து பிரயோஜனம் இல்லை. நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. நானாக இருந்தால் எடுப்பேனா?

என் லேப்டாப்பில் நூற்று நாற்பதையும் அழித்தேன், மெர்வினையும் அழிக்கச் சொன்னேன். "இன்னாக்கா, கொரங்கு பூந்துச்சா மண்டைல?" என்றான். அழித்ததை அவளுக்குத் தெரிவிக்கவில்லை. சொன்னாலும் நம்ப மாட்டாள்.

அக்டோபர் 18

கடைக்கே வந்தாள். காபி வேண்டாம் என்றாள். கையில் டைப் செய்த தாள் இருந்தது.

"நான் செஞ்சது தப்பும்மா" என்றேன்.

"தெரியும்க்கா. இப்ப பேரம் பேசுவோமா?"

நல்லாவே பேசினாள். ஒரு மணி நேரத்தில் என்னால் இரண்டு ரூபாய்தான் குறைக்க முடிந்தது. அவள் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன், பில்டர் கடிதத்தில் அவள் போட்டாள்.

அறுபதாயிரம் கணக்கு ரத்து. மாட்டுகிற ஒவ்வொரு சதுர அடிக்கும் அவளுக்கு இருபத்திரண்டு ரூபாய், பாதி முன்பணம். ஒரு வானம் ஒரு வீட்டுக்குத்தான். எந்த ஊரில், எந்தத் தேதியில் எடுத்தது என்று அவள் பெயரோடு பில்லில் வர வேண்டும். படம் அவளுடையது, எனக்கு மாட்டும் அனுமதி மட்டும். எனக்குக் கொடுக்காத வானத்தை அவள் யாருக்கும் விற்கலாம், மேடவாக்கம் டெனிஸுக்கும்.