முப்பத்தொன்று என்று காட்டிய தெர்மோஸ்டாட்

டிச. 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஸ்வெட்டர் போட்டும் எனக்கே விரல் விறைக்கிறது. பாப்பா வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். ஏழரை மாசத்தில் பிறந்தவள், எடை இன்னும் இரண்டு கிலோ தொடவில்லை. அறை இருபத்தேழு டிகிரிக்குக் குறையக் கூடாது, குளிர் பட்டால் எடை ஏறாது, திரும்ப அட்மிட் பண்ண வேண்டி வரும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அதற்காகத்தான் சூடும் தருகிற ஏசி, சுவரில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், போனில் ஆப்.

கா. 6: தெர்மோஸ்டாட்டில் E4. அறை அதிகச் சூடாம். ஏசி தானாக நின்றுவிட்டது. ரீசெட்.
கா. 7: மறுபடி E4. ரீசெட்.
கா. 7.40: சொல்லவே வேண்டாம்.

வாங்க: டயபர், பால், இஞ்சி. லீவு மெயில் இன்னும் போடவில்லை.

டிச. 10, புதன்

மேகமூட்டம். கஸ்டமர் கேரில் நாற்பது நிமிடம் பாட்டு கேட்டேன். வைஃபையை அணைத்துப் போடு, ஆப்பை அழித்து மறுபடி ஏற்று, பட்டனைப் பத்து விநாடி அழுத்து. எல்லாம் பண்ணியாச்சு. E4 அப்படியே இருக்கிறது. ஆப் மட்டும் இப்போது இந்தியில் பேசுகிறது.

பாப்பாவின் கால் ஜில்லென்று இருப்பதாக, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஸ்டெல்லா சொன்னாள். போனைக் காட்டினேன். 31.

"ஆப் கெடக்கட்டும். கால தொட்டுப் பாருங்க."

தொடவில்லை. அத்தனை பெரிய எண்ணில் எழுதியிருக்கும்போது எதற்குத் தொட வேண்டும்? நான் தூங்கும்போது நீதான் பட்டனை நோண்டியிருப்பாய் என்று கத்திவிட்டேன். பாப்பாவைக் குளிப்பாட்ட வரும் மேரியக்கா எதிரிலேயே. ஸ்டெல்லா பாப்பாவை நெஞ்சோடு அணைத்துப் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு சிரித்தாள். ஹாலில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தை, சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்போடு, நானே பாப்பா அறைக்கு மாற்றினேன். ஆணியும் ப்ளக்கும் ஒரே இடத்தில் இருந்தது வசதி. ஜெபமாலைக்குக் கூப்பிட்டால் நழுவுகிற ஆளா இது என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்ற பதினெட்டு நாளில் நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரியாது. பாப்பா இரண்டரை கிலோ ஆகும்வரை பல்பு அணையாது என்பது அதில் ஒன்று.

டிச. 11, வியாழன்

மெக்கானிக் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்றரைக்கு வந்தார். ஊருக்கு வெளியே ஆனேக்கலிலிருந்து பஸ்ஸில். நான் பட்டனை அழுத்தப் போனேன்.

"ரீசெட் பேடா சார்" என்று கன்னடத்தில் தடுத்துக் கையைப் பிடித்துவிட்டார்.

தெர்மோஸ்டாட் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு அதற்கு நேர் கீழே, பல்பு மேல். "இது எத்தன நாளா எரியுது?"

ஞாயிறு முதல் என்றேன். ராத்திரி பகலாக.

படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ப்ளக்கைப் பிடுங்கினார். 31. 28. 24. கடைசியில் 21. ஏசி சூடு ஊத ஆரம்பித்தது. பல்பின் சூடு மேலே ஏறி மெஷினில் பட்டிருக்கிறது, வேறு சுவரில் மாட்டுங்கள் என்றார். நாலு நாளாக பாப்பா இருபத்தொன்றில் கிடந்திருக்கிறாள்.

படத்தை ஹாலுக்கே மாற்றி பல்பைப் போட்டேன். நடுவில் அணைந்ததற்கு ஆண்டவரிடம் மன்னிப்பு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து ஸ்டெல்லா:

"அவர்கிட்ட அப்புறம் சொல்லலாம். மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

இஞ்சி வாங்கப் போய்விட்டேன்.

டிச. 12, வெள்ளி

வெயில். அறை 27. E4 இல்லை. லீவு மெயிலுக்கு மேனேஜர் பதில், ஒரே ஒரு கேள்விக்குறி.

மேரியக்கா வரும்வரை காத்திருந்து, அவர் எதிரிலேயே சொன்னேன். தப்பு என்னுது, உன்ன நம்பியிருக்கணும். ஸ்டெல்லா துண்டை விலக்கி பாப்பாவின் காலை என் பக்கம் நீட்டினாள்.

தொட்டேன். சூடு.