நாற்காலிப் பக்கத்துப் பெயிண்ட்

அன்புள்ள அம்மா,

மூட்டுவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

நான் வெல்டிங் பார்க்கிற நீர்மூழ்கிக் கப்பல்ல போன வாரம் தீப்பிடிச்சுது. உள்ளே இறங்கி நாங்க நாலு பேர்தான் அணைச்சோம். இனிமே தேறாதுன்னு நேத்து அதுக்கு விழா வெச்சு ஓய்வு கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி, வெளியே கொப்புளம் போட்டிருந்த பெயிண்டைச் சுரண்டி எங்களையே புதுசா அடிக்கச் சொன்னாங்க. அதுவும் அதிகாரிங்க நாற்காலி இருக்கிற பக்கம் மட்டும். த்தூ! பெரிய அதிகாரி அந்த இரும்புக்கு சல்யூட் வெச்சு மூக்கை உறிஞ்சினார். நாங்க அரை நாள் லீவு கேட்டதுக்கு முகத்தைச் சுளிச்சார்.

சட்டை அனுப்பினா அரைக்கையா அனுப்பும்மா, முழுக்கை மாட்ட முடியலை. வேலைக்கு நேரமாச்சு. எழுத்து கோணலா இருக்கேன்னு பதறாதே, இடது கைக்கு இன்னும் பழகலை.

உன் பிள்ளை