ஹெலனிடம் நான் சொன்ன பொய்

சூசையப்பர் துணை

தங்கச்சிமடம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பிரிட்டோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அய்யாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், காரங்காட்டில் உன் அக்கா ஆஸ்லினும் பிள்ளைகளும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அதைத்தான் உன் முதலாளியம்மா ஹெலன் என் வீட்டுக்கே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கே சொல்லிவிட்டுப் போனாளே. இதையெல்லாம் போனில் பேசலாம்தான், ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவள் பட்டறையில் நின்றுதான் பேசுகிறாய், அவள் பக்கத்தில் இருப்பாளோ என்ற நினைப்பில் எனக்குப் பேச்சு வராது. அதனால் காகிதம். நாளைக்குத் தன் ஊருக்குத் திரும்புகிற ஹெலன் கையிலேயே இதைக் கொடுத்துவிடுகிறேன், பிரித்தாலும் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா வந்த கூட்டத்தை லாட்ஜில் விட்டுவிட்டு நேற்று அவள் மட்டும் ஆட்டோ பிடித்து வந்தாள். அவள் இங்கிலீஷைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஆஸ்லினை வரவழைத்திருந்தேன். வந்ததும் ஹெலன் என்னைக் கட்டிப்பிடித்தாள். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது உன் துணியில் அடித்த அதே சோப்பு வாசம் அவள் மேலும் அடித்தது. அங்கேயே எனக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. காரம் குறைத்து நண்டுக்குழம்பு வைத்திருந்தேன், ஒரு வாய் வைத்துவிட்டு, பிரிட்டோ ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்க வீட்டு அடுப்பில் இதைத்தான் வைப்பான் என்றாள். கணவாய் மீன் வறுவலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தபோது, இது அவனுக்குப் பிடிக்காதே என்றாள். அம்மா மனசு கஷ்டப்படும் என்று சின்ன வயசிலிருந்து சாப்பிட்டேன் என்று அவளிடம் சொன்னாயாமே. முப்பது வருஷமாக உனக்கென்று எடுத்து வைத்து வறுத்தவள் நான், உனக்குப் பிடிக்காது என்பதை ஒரு வெள்ளைக்காரி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதோடு விட்டாளா? தவக்காலத்தில் இன்ஜினைத் தூக்கும்போது உன் இரண்டு விரல் நசுங்கியதையும், ஏழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அவள் கூட இருந்ததையும் சொன்னாள். எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். போன் ரிப்பேர் என்றாயே ராசா, அந்த ஏழு நாள்தானா அது? நீ அங்கே வலியில் கிடந்தபோது நான் இங்கே வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து தாள்களை எடுத்தாள். அவள் பட்டறை ஸ்பான்சர் செய்து நீ போன நாலு வருஷ வேலை விசா நவம்பரோடு முடிகிறது என்று எனக்குத் தெரியும், முடிந்தால் வந்துவிடுவாய் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். உன்னை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள அவள் எழுதிக்கொடுக்கத் தயார் என்பதும், மூன்று தடவை கேட்டும் நீ கையெழுத்துப் போடாமல் அம்மாவிடம் கேட்கணும் என்று தள்ளிக்கொண்டு இருப்பதும் நேற்றுத்தான் தெரிந்தது. என்னிடம் நீ கேட்கவே இல்லையே. இந்த மாதத்துக்குள் தாள்கள் போகாவிட்டால் பிறகு நேரம் போதாது, அந்த விசாவில் அவள் பட்டறையை விட்டு நினைத்த இடத்துக்குப் போய் வேலை பார்க்கவும் முடியாது, நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா அவன் போட்டுருவான், அதுக்குத்தான் நான் வந்தேன் என்றாள். இத்தனையும் தெரிந்து வைத்திருக்கிறவள் கடைசியில் பிள்ளையையும் எழுதி வாங்கப் பார்க்கிறாளே என்று தோன்றியது. ஆஸ்லினிடம், அவனுக்குப் பொண்ணு பேசி முடிச்சாச்சு, நவம்பர்ல வந்து இங்கனதான் இருப்பான்னு சொல்லு என்றேன். ஏம்மா இப்படிப் பொய் சொல்றீக என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சொல்லுடி என்றேன், சொன்னாள். ஹெலன் முகம் வாடிவிட்டது, என்கிட்ட அவன் சொல்லவே இல்லையே என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்று என் கையில் இருந்தது, பொய்யாக இருந்தால் என்ன. அவள் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனாள்.

உன் அய்யா வாயே திறக்காத மனுஷர், அவள் போனதும் பேசினார். கடல்ல நேவிக்காரன் என்னையப் புடிச்சிட்டுப் போயி ஏழு மாசம் அக்கரை ஜெயில்ல போட்டப்ப, எம்புள்ள கடலுக்குப் போகக் கூடாதுன்னு ஒரியூர் கோயிலுக்கு நேந்துக்கிட்டவ நீதான, அதுக்குத்தான அவன மெக்கானிக் படிக்க வச்ச, இப்ப ஒன் வயித்தெரிச்சலுக்கு அவன் பொழப்பக் கெடுக்காத என்றார். இன்று காலைப் பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போனபோது, பொய் சொன்ன வாயோடு எனக்கு மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. பூசை முடிந்த கையோடு ஆஸ்லினைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ராமேஸ்வரம் லாட்ஜுக்குப் போனேன்.

ஹெலன் ஸ்பூனால் இட்லியை வெட்டிக்கொண்டு இருந்தாள். ஆஸ்லினை வாயை மூடச் சொல்லிவிட்டு நானே, நோ மேரேஜ், ஐ லை என்றேன். அவள் திட்டவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டாள். அதற்கு எனக்கு இங்கிலீஷ் இல்லை. ஏழு நாள் நான் இருக்க வேண்டிய இடத்துல நீ இருந்துட்டியே, அது எனக்குப் பொறுக்கல என்று ஆஸ்லினைச் சொல்ல வைத்தேன். ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு அவள் ஒன்று சொன்னாள். ஆபரேஷன் முடிந்த மயக்கத்தில் நீ அம்மா அம்மா என்று கூப்பிட்டாயாம், கூப்பிட்ட தடவையெல்லாம் அவள், இருக்கேன் இருக்கேன் என்று சொன்னாளாம், நீங்க வர முடியாதே, அதனாலதான் நான் அப்படிச் சொன்னேன், தப்பா என்று கேட்டாள். இதை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம் பிரிட்டோ. எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு தேங்க்யூ என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்காக என் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே, அப்படியேதான் இருக்கிறது.

சரி ராசா, கையெழுத்துப் போடு. அம்மா முழு மனசோடு சொல்கிறேன், முக்கால் மனசு என்று வைத்துக்கொண்டாலும் சரிதான். மாதம் முடியும்வரை இழுக்காதே. இங்கிருந்து ஏதாவது சான்றிதழ் வேண்டுமென்றால் எழுது, அய்யா ராமநாதபுரம் போய் வாங்கி அனுப்புவார். இனி உன் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் அன்றைக்கே எனக்குப் போன் வர வேண்டும். வேளாங்கண்ணி மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் வேலையும் நீயும் செழிக்க வேண்டும். ஹெலனிடம் மரியாதையாக நடந்துகொள், சொன்னதைக் கேள், ஆன்ட்டி என்று கூப்பிடு, மேடம் என்று கூப்பிடு. அம்மா என்ற சொல்லை மட்டும் மயக்கத்தில்கூட அவளுக்குக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
யாகப்பம்மாள்