போகிக்குக் கழுவிய பில்டர்

13.1.95, போகி.

பாச்சாங்கில் தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, வீட்டில் கொய் என்ற விலையுயர்ந்த வண்ண மீன்கள் வளரும் குளம் என் பொறுப்பு. சமையல் என் மனைவி பார்வதியுடையது. போகிக்கு, அங்கேயே நாங்கள் குடியிருக்கும் பின்னறையைக் கழுவிய கையோடு குளத்து பில்டர் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாக அலசிவிட்டாள். பஞ்சில் படிந்திருந்த வழவழப்பில்தான் மீன் கழிவைத் தின்னும் கிருமிகள் இருந்தன. மறுபடி வளர வாரக்கணக்காகும். தண்ணீரின் கடினத்தன்மை குறையாமலிருக்கப் போட்ட சிப்பிகளும் குப்பை லாரியில் போய்விட்டன.

"மீனுக்கும் பொங்கல்தானேங்க?"

"ஆமாலா, புதுச் சட்டையும் தைச்சுப் போட்டுடு."

சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. யார் கழுவியது என்று தவுக்கே கேட்டார். அவள் பெயரைச் சொன்னால் அவள் வேலை போகும். நான்தான் என்றேன். ஒரு மீன் செத்தாலும் இருவரும் அறையைக் காலி செய்யவேண்டுமாம்.

பார்வதியிடம் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு எவ்வளவு பெரிய கோலம் போடலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பெரிசாவே போடு என்றேன்.