தவளைக் கல்யாணத்தில் பெண் வீட்டார்

இன்று அடுத்த வீட்டில் நலங்கு. அரைத்த மஞ்சளின் வாசனை வேலி தாண்டி வந்ததும் உன் நினைவு வந்தது. கூடவே உன் தவளையும்.

பிரெஞ்சுக்காரன் போன பிறகு வந்த ஒரு கோடை அது. நம் ஊர் உறுவையாற்றில் குளம் வெடித்துக் கிடந்தது. நடுவில் மிஞ்சிய சேற்றில் துவண்டு கிடந்த தவளையை முந்தானையில் ஏந்தி வந்து, நம் வீட்டுப் பழைய கல்தொட்டியில் விட்டாய். தினமும் தண்ணீர் மாற்றுவாய். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பாய். தொடையடியில் சிவந்திருக்கிறதா, தோல் பளபளக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். கட்டின புருஷனுக்குக் காய்ச்சல் வந்தால்கூட இவ்வளவு கவனிப்பு இல்லையே என்று கேலி செய்வேன். "நீங்க வாயத் தொறந்து சொல்லுவீங்க. அது சொல்லுமா?" என்பாய்.

மழைக்காகத் தவளைக் கல்யாணம் செய்ய ஊர் முடிவெடுத்தபோது, ஊருக்குள் எங்கு தேடியும் உன்னுடையதைத் தவிர வேறு தவளை அகப்படவில்லை. அதுதான் பெண் என்றார்கள். மாப்பிள்ளை பக்கத்து ஊரான ஒதியம்பட்டுக் கிணறு ஒன்றிலிருந்து வந்தார். பிள்ளையில்லாதவள் என்று எந்த நல்ல காரியத்திலும் உன்னை முன்னால் விடாதவர்கள், அன்று "பொண்ணப் பெத்தவளே, முன்னாடி வாம்மா" என்று கூப்பிட்டுத் தாம்பூலத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். நீ நம் கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாய்.

கல்யாணம் முடிந்ததும் இரண்டுக்கும் மஞ்சளை அப்பினார்கள். அதை மழைதான் கழுவ வேண்டும் என்பது முறை. சிறிது நேரத்தில் உன் தவளை கண்ணை மூடிக்கொண்டது. தொட்டாலும் அசையவில்லை. நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாய்.

"கை வெக்காதம்மா. மழ வரலன்னா ஊரு உன்னத்தான் சொல்லும்" என்றார் ஊர்ப் பெரியவர்.

"சொல்லட்டுங்க. இது வாயால தண்ணி குடிச்சு நான் பாத்ததே இல்ல, தோலாலதான் குடிக்குது. அத்தப் போயி அடச்சிட்டீங்களே" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா நிக்கிறீங்க, தண்ணி எறைங்க" என்றாய். நான் இறைத்தேன்.

மறுநாள் நம் கல்தொட்டியில் உன் தவளை ஒரு வெட்டுக்கிளியை விழுங்கியது. மழை வரவில்லை. அதன்பின் எந்த வீட்டிலும் உன்னிடம் தட்டை நீட்டவில்லை.

பிள்ளைகள் உண்டா என்று நீ போன பிறகும் என்னைக் கேட்கிறார்கள். இல்லை என்றுதான் சொல்கிறேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, மனசுக்குள் வேறு பதில் வைத்திருக்கிறேன். ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தோம். கொடுத்த இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஊர் பார்க்க வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.