கொல்லையில் அப்பா தோண்டிய குழி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாகத்தான் இருக்கிறாய், மூக்கெல்லாம் மண்ணை அப்பிக்கொண்டு பல்லைக் காட்டும் போட்டோ வந்து சேர்ந்தது. இங்கேயும் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றுகிறேன் என்று ஒரு வருஷத்துக்கு வெளிநாடு போனவள், ஓட்டலில் மெத்தை விரித்துச் சம்பாதிப்பது போதாதென்று லீவு நாளில் கூலியில்லாமல் அகழாய்வு என்று பழங்காலத்துக் குழி தோண்டுகிறாய், அதற்காக இன்னும் ஆறு மாசம் இருக்கப் போகிறாயாம். செத்து ஆயிரம் வருஷமான யாரோ ஒருவனுடைய முழங்காலை மூன்று நாள் பிரஷ்ஷால் தடவிக்கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். இங்கே உயிரோடு இருக்கிற மனுஷனின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க நான் ஒருத்திதான். அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது என்று போன மாசமே எழுதினேன், வயசானால் அப்படித்தான் அம்மா என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். சட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு நிற்கிறாரடி.

உன் கடிதங்களை மட்டும் விடமாட்டேன் என்கிறார், தினமும் நான் வாசிக்க வேண்டும். கயிறு கட்டிக் கட்டம் பிரிப்பது, கரண்டியால் மண்ணைச் சுரண்டுவது, கிடைத்ததற்கு நம்பர் போடும்வரை இடத்தை விட்டு அசைக்கக் கூடாது என்பது, எல்லாம் நீ விலாவாரியாக எழுதினாயே, அது அவருக்கு மனப்பாடம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் துணி காயப்போடும் கயிற்றை அறுத்துக் கொல்லையில் கட்டம் கட்டி, என் சமையல் கரண்டியும் தன் சவரப் பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிட்டார். கைக்கு வேலை இருப்பது நல்லது, விடுங்கள் என்றார் டாக்டர். அந்த மகானுபாவர் வீட்டில் துணி துவைக்கிறவர் வேறு யாரோ.

ஐந்தாம் நாள் எலும்பு தட்டுப்பட்டது. உன் நாய் குள்ளன். கழுத்துப் பட்டையில் நீ கட்டிய மணி அப்படியே இருக்கிறது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. குள்ளன் ஓடிப்போகவில்லை. நீ கேட்டைத் திறந்துபோட்டதால்தான் தெருவுக்கு ஓடிவிட்டான் என்று உன்னிடம் சொன்னது நான்தான். அன்று காலை அப்பா காரைப் பின்னால் எடுத்தார், சக்கரத்தடியில் படுத்திருந்ததைப் பார்க்கவில்லை. உனக்குப் பத்து வயசு, அப்பா என்றால் உயிர். நீ அவரை வெறுத்துவிடக் கூடாதென்று பழியை உன் தலையில் போட்டேன். இரண்டு மாசம் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தாய், நானும் கூடவே வந்து கூப்பிட்டேன். இன்றைக்கும் எந்தக் கதவையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாயே, அது என்னால் வந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, திரும்ப அப்படி நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

அப்பாவுக்குத் தான் புதைத்ததே நினைவில்லை. இது எந்தக் காலத்து மிருகம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பொறுக்க முடியாமல் ஒருநாள், நீங்க கொன்னதுதான், உங்க பொண்ணோட நாய் என்று சொல்லிவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மறுநாள் மறந்துபோய் மறுபடி கேட்டார். உன் ஆறு மாசக் கடிதம் வந்தது அன்றைக்குத்தான், அந்த ஆத்திரத்தில் மறுபடி சொன்னேன், மறுபடி முதல் தடவை போலவே அழுதார். உன்னை அடிக்கக் கை எட்டவில்லை, அவர் பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

எலும்பெல்லாம் குழியிலேயே கிடக்கிறது. மூடிவிடலாம் என்றால் கரண்டியை ஓங்கிக்கொண்டு வருகிறார். லெட்டர் எழுதுற அந்தம்மா வந்து பாத்து நம்பர் போடணும், அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது என்கிறார். அது உங்க பொண்ணுதாங்க என்றேன். எனக்கு ஏது பொண்ணு, படிச்ச அம்மா அது, மரியாதையாப் பேசு என்று என்னைக் கண்டித்தார். மகள் எப்போது வருவாள் என்று கேட்பது நின்றுபோய் ஒன்பது நாளாகிறது. அந்தம்மா எப்ப வரும் என்றுதான் கேட்கிறார்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் நிறையக் குடி. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. வருவதானால் உன் கரண்டியையும் பிரஷ்ஷையும் மறக்காமல் எடுத்து வா. வாசலில் நின்று அப்பா என்று கூப்பிட்டுவிடாதே, மிரண்டுபோவார். சார், எலும்பு பாக்க வந்திருக்கேன் என்று சொல். எழுந்து நின்று நாற்காலி போடுவார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்