ரத்தத்தில் மிச்சமிருந்த மருந்து

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை; அதனால் கடிதம். மாமா எல்லாம் சொன்னார். எனக்குச் சிறுநீரகம் தர நீ சம்மதித்தாய், இந்த எடையில் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாய். நான் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பஸ் ஓட்டிய கைக்கு இப்போது பேனாவே கனக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் போன வாரத்திலிருந்து வரவில்லை. ஏன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

எவ்வளவு இளைத்திருக்கிறாய்? எழுது.

உன் தம்பி

ஜூலை 20

தம்பிக்கு,

இளைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நம் தையல் கடைக்கு வருகிற துணியை விட என் சட்டைகளைப் பிடித்துத் தைப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. முதலில் மருந்து ஒன்றும் செய்யவில்லை. "பெரிய உடம்பும்மா. ஒல்லியா இருக்கவங்க ரத்தத்துல நிக்கிற அளவு உங்க ரத்தத்துல நிக்காது" என்று சொல்லி டாக்டர் படிப்படியாகக் கூட்டினார். இப்போது நாலு வாய் சாப்பிட்டால் அது இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. குமட்டல் வேறு.

ஆபரேஷனுக்கு முன்னால் ஊசியை நிறுத்த வேண்டுமாம். ஒரு வாரத்தில் பாதிதான் உடம்பை விட்டுப் போகும், அடுத்த வாரம் மிச்சத்தில் பாதி. முழுக்கப் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்கிறார்.

உன் கல்யாண போட்டோவில், "அக்கா, நீ ஓரமா நில்லு, மத்தவங்களும் தெரியணும்ல" என்றாய். நான் மறக்கவில்லை. ஆனாலும் தருகிறேன். இரண்டும் வேறு வேறு.

அக்கா

அக்டோபர் 12

அக்கா,

நேற்று ஆபரேஷன் உடுப்பு மாட்டி என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்து, "இன்னைக்கு இல்லை" என்றார். முந்தின நாள் சாப்பாடு உன் வயிற்றில் அப்படியே கிடப்பது ஸ்கேனில் தெரிந்ததாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உன் உயிருக்கே ஆபத்தாம். நிறுத்தச் சொன்ன ஊசியை நீ போன வாரமும் போட்டிருக்கிறாய்.

என் உயிரை விட உன் இடுப்பு அளவு உனக்கு அவ்வளவு பெரிதாகப் போய்விட்டதா? தர மனமில்லை என்றால் சொல்லிவிடு. நம்பவைத்துக் கழுத்தறுக்காதே.

தம்பி

அக்டோபர் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை.

ஊசியை நிறுத்தியதும் பசி திரும்பியது. சாதாரணப் பசி இல்லை, அடைத்து வைத்திருந்த பசி. எடை ஏற ஆரம்பித்தது. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டினால் உனக்குத் தர முடியாது. அந்தப் பயத்தில், யாரையும் கேட்காமல் இன்னொரு ஊசி போட்டுக்கொண்டேன். அது ரத்தத்தில் தங்கும் என்று தெரிந்தும்தான் போட்டேன். உன் பக்கத்து நாற்காலி கண்ணிலேயே நின்றது.

இனி ஊசி இல்லை. மருந்து முழுக்க வெளியேறும் வரை எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். உனக்கு டயாலிசிஸ் இல்லாத நாள்தானே. நீ வா. அந்த எண்ணை நான் தனியாகப் பார்த்தது போதும்.

அக்கா

நவம்பர் 29

அக்காவுக்கு,

உன் வார்டுக்கு வர இன்னும் என்னை விடவில்லை. நர்ஸம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தனை திங்கட்கிழமைகளிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எடை மெஷினில் ஏறினாய். கடைசி வாரம் நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான்தான் எண்ணைப் படித்தேன். டாக்டர் சொன்ன அளவுக்குள்தான் இருந்தது.

ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே என் கட்டிலில் மாட்டியிருந்த சிறுநீர்ப் பை நிரம்ப ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து! நான் அழுததைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார்.

உனக்கு இன்று நல்ல பசியாம், மாமா சொன்னார். தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் வேண்டுமா என்று கேட்டால், எடை ஏறிவிடும் என்கிறாயாம். சாப்பிடு அக்கா. அந்த எடையெல்லாம் எனக்காகப் பார்த்தது. இப்போது உன் பசிக்குச் சாப்பிடு.

உன் தம்பி